தைக்காடு, ஜகதி, பூஜப்புரை: ஆசிரியர் பயிற்சியும் பள்ளி என்னும் அமைப்பும்

திருவனந்தபுரத்தில் தைக்காடு, ஜகதி, பூஜப்புரை ஆகிய மூன்று பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்தவை. நிதானமாக நடப்பவர் ஒரே காலைப்பொழுதில் மூன்றையும் கடந்துவிடலாம். தைக்காட்டில் அரசு ஆசிரியர் கல்வியியல் கல்லூரி இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையும் அங்கேதான் இயங்குகிறது. ஜகதியில் பொதுக்கல்வி இயக்ககம் உள்ளது. பூஜப்புரையில் எஸ்.சி.இ.ஆர்.டி. எனப்படும் மாநிலக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு உள்ளது. ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்னும் அறிவு தைக்காட்டில் வளர்ந்தது. பள்ளி எந்த விதிகளின்படி இயங்க வேண்டும் என்பது ஜகதியிலிருந்து சுற்றறிக்கைகளாக வெளிவந்தது. ஆசிரியர்கள் கூடி அமர்ந்து பாடத்தைத் திட்டமிட வேண்டும் என்னும் கருத்து, மூன்றிலும் இளையதாக, பூஜப்புரையிலிருந்து பரவியது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகப் போகும் இளைஞருக்குப் பணியில் சேரும் முன் முறையாகக் கிடைத்தது முதலாவது அறிவு மட்டுமே. மற்ற இரண்டும் பணியில் சேர்ந்தபின் உத்தரவுகளாக வந்து சேர்ந்தன. கேரளக் கல்வி வரலாற்றை எழுதியோர் இந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் கவனிக்காமலே கடந்திருக்கிறார்கள். கூட்டுப்பணி கேரள ஆசிரியர்களிடையே சில வேளைகளில் உற்சாகத்தையும் பல வேளைகளில் கசப்பையும் உண்டாக்கியதற்கான காரணத்தை இந்தப் பிரிவினையில்தான் தேட வேண்டும்.

ஆசிரியர் பயிற்சி தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆசிரியருக்குக் கற்றுத்தரப்பட்டவற்றுள் முதலிடம் பெற்றது பள்ளியை ஒழுங்கமைக்கும் கலையே. அதன் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. 1789 முதல் 1796 வரை எழும்பூரில் இருந்த ஆண்கள் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், ஒரு ‘மலபார்’ பள்ளியில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அந்த முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுசென்றார். (அக்கால ஐரோப்பியர் ‘மலபார்’ என்ற சொல்லைத் தமிழரையும் தமிழ்மொழியையும் குறிக்கவே பெரிதும் வழங்கினர், இதை மறந்து அந்தப் பள்ளியை இன்றைய வட கேரளத்தில் தேடியவர்களும் உண்டு.) தேர்ந்த பிள்ளை தேராத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும், சட்டாம்பிள்ளை வகுப்பை நடத்துவதும் திண்ணைப் பள்ளிக்குப் பழகிய வழக்கங்கள். பெல் அவற்றை 1797இல் நூலாக எழுதி வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை எவ்வாறு அணி அணியாகப் பிரித்துச் சட்டாம்பிள்ளைகளைக் கொண்டு நடத்தலாம் என்பதே அந்த முறையின் உள்ளடக்கம். அங்கே பாடத்தைவிட அமைப்புதான் பெரிது. பின்னர் வந்த ஆசிரியர் பயிற்சி நூல்களிலும் ‘பள்ளி நிர்வாகம்’ என்பது தனித்தலைப்பாக நிலைத்தது. கால அட்டவணை, வருகைப் பதிவேடு, இருக்கை வரிசை, தண்டனை, காற்றோட்டம் ஆகியவை அதில் அடங்கின. பள்ளி ஓர் இயந்திரமாகவும் ஆசிரியர் அதை ஓட்டுபவராகவும் அங்கே கருதப்பட்டனர். ஆசிரியருக்கு அருகில் இன்னோர் ஆசிரியர் இருப்பார் என்பதற்கு அந்தப் பாடத்தில் இடமே இல்லை.

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களை வற்புறுத்தியது. 1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுவே சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. பட்டதாரி ஆசிரியருக்கான எல்.டி. பட்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கியது. திருவிதாங்கூர் அரசு கல்விச் செலவை ஏற்பதில் முந்திக்கொண்ட அரசு. ராணி கௌரி பார்வதி பாயின் 1817ஆம் ஆண்டு ஆணை கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கி, 1866இல் அது கல்லூரியாக உயர்ந்தது. ஆயினும் பட்டதாரி ஆசிரியரைப் பயிற்றுவிக்கும் கல்லூரி மூலம் திருநாள் ஆட்சியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் திருவனந்தபுரத்தில் எழுந்தது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் சென்னையிலிருந்து வந்தன. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் உருவானபின் பட்டம் உள்ளூர்ப் பட்டமாயிற்று. எல்.டி. என்பது பி.டி. ஆகி, பிறகு பி.எட். ஆயிற்று. உள்ளே இருந்த பயிற்சியின் எலும்புக்கூடு மாறவில்லை.

தென்திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கு இந்த வரலாறு அயலாருடையதன்று. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாட்டுப் பள்ளிகள் திருவனந்தபுரத்துக் கல்வித்துறையின் கீழ்தான் இருந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் பணிக்காலத்தை ஆசிரியராகவே கழித்தவர். நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும் திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியிலும் அவர் பணியாற்றினார். ‘போதனாமுறை’ என்ற சொல்லே கவனத்துக்குரியது. போதிக்கும் முறையைக் கற்பிக்கும் இடம் என்பது அதன் பொருள். பள்ளியை நடத்தும் முறையோ, சக ஆசிரியரோடு சேர்ந்து உழைக்கும் முறையோ அந்தப் பெயருக்குள் வரவில்லை. அவருடைய குழந்தைப் பாடல்கள் வகுப்பறை அனுபவத்திலிருந்து பிறந்தவை என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறு சொல்கிறது. ஆசிரியர்களுக்கு ஆசிரியராக அவர் என்ன செய்தார் என்பதை அது கேட்டதில்லை.

தைக்காட்டில் பயிற்சிக் கல்லூரியை ஒட்டி மாதிரிப் பள்ளி ஒன்று உண்டு. இன்று மலையாளிகளிடம் அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னால் நடிகர் மோகன்லால் படித்த பள்ளி என்றுதான் நினைவு வரும். ஆசிரியர்கள் கற்பதற்கென அமைந்த பள்ளி என்பது பலருக்குத் தெரியாது. பயிற்சி மாணவர் அங்கே சென்று பாடம் நடத்துவார். பின்வரிசையில் அவருடைய உடன்மாணவர்களும் பேராசிரியரும் அமர்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்ததும் குறைநிறைகள் பேசப்படும். இதற்கு ‘கிரிட்டிசிசம் வகுப்பு’ என்று பெயர். பாடக்குறிப்பு ஹெர்பார்ட் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளரின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகளில் எழுதப்பட வேண்டும். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்பன அப்படிகள். பி.எட். படித்த எவரும் இவற்றை எளிதில் மறப்பதில்லை. பாடக்குறிப்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிரப்பப்பட்டு, பேராசிரியரின் கையொப்பம் பெற்ற பின்னரே வகுப்பறைக்குள் நுழைய முடியும்.

இந்தக் கிரிட்டிசிசம் வகுப்பை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒருவர் பாடம் நடத்த, பலர் பார்த்து, பின் எல்லோரும் கூடிப் பேசுவது என்பது தன் இயல்பில் ஒரு கூட்டுச்செயல். ஆசிரியரின் வேலை மற்ற ஆசிரியர்களின் கண்முன் திறந்து வைக்கப்படும் அரிய தருணம் அது. இதே வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானுக்கும் சென்றது. 1872இல் டோக்கியோ நார்மல் பள்ளியில் அமெரிக்க ஆசிரியர் ஒருவர் மேற்கத்திய வகுப்பு முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். 1887இல் வந்த ஜெர்மானியர் ஒருவர் ஹெர்பார்ட்டியக் கல்வியியலைக் கொண்டுவந்தார். நார்மல் பள்ளிகளில் நடந்த விமரிசனப் பாடம் அங்கிருந்து சாதாரணப் பள்ளிகளுக்குள் புகுந்தது. பணியில் உள்ள ஆசிரியர்களே கூடி ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு விவாதிக்கும் வழக்கம் வேரூன்றியது. இன்று உலகம் ‘பாட ஆய்வு’ என்று வியந்து பேசும் முறை அதுதான். 1999இல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய நூல் அதை அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்தியபோது அது ஏதோ கீழைநாட்டு ஞானம்போலத் தோன்றியது. உண்மையில் சைதாப்பேட்டைக்கும் தைக்காட்டுக்கும் வந்த அதே விதைதான் அங்கும் விழுந்தது.

இங்கே அந்த விதை கல்லூரி மதிலைத் தாண்டவில்லை. காரணம் தேடுவது கடினமன்று. ஜப்பானில் விமரிசனம் பாடத்தின்மேல் விழுந்தது. இங்கே மதிப்பெண் பெறவேண்டிய ஒரு தனி ஆளின்மேல் விழுந்தது. குரல் தாழ்வு, கரும்பலகை எழுத்து சாய்வு, ஒரே பிள்ளையிடம் மூன்று கேள்வி என்னும் பட்டியலோடு விவாதம் முடிந்துவிடும். ஐரோப்பியக் கண்காணிப்பாளர் காலத்தில் தொடங்கிய ஆய்வு மரபும் அதற்கு உரமூட்டியது. வகுப்பறைக்குள் இன்னொருவர் நுழைந்தால் அவர் ஆய்வு செய்ய வந்தவராகத்தான் இருக்க முடியும் என்னும் உணர்வு ஆசிரியர் மனத்தில் பதிந்தது. பட்டம் கிடைத்த நாளோடு கிரிட்டிசிசம் வகுப்பு முடிந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் கற்பித்தாலும் சக ஆசிரியர் ஒருவர் தம் பாடத்தைப் பார்க்கும் சூழல் எழாமலே ஒருவர் ஓய்வு பெற முடிந்தது. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் எழுதிய நூலில் பள்ளியை முட்டைப் பெட்டிக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு முட்டையும் தன் குழியில் பத்திரமாக இருக்கும், ஒன்றோடொன்று தொடாது. அந்த உவமை கேரளப் பள்ளிக்கும் பொருந்தாமல் போகவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1952-53இல் இந்தக் குறையை ஓரளவு கண்டது. அதைத் தொடர்ந்து 1955 முதல் நாட்டின் பல பயிற்சிக் கல்லூரிகளில் விரிவாக்கத் துறைகள் தொடங்கப்பட்டு, சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கருத்தரங்குகள் நடத்தப்பட்டன. 1964-66ஆம் ஆண்டின் கோத்தாரிக் குழு மேலும் கூர்மையாகப் பேசியது. ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகத்திலிருந்தும், பள்ளிகளிலிருந்தும், பயிற்சி நிறுவனங்கள் தமக்குள்ளேயும் தனிமைப்பட்டுக் கிடப்பதாக அது கண்டித்தது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் ஒரே தொகுதியாக இணைக்கும் பள்ளி வளாகத் திட்டத்தையும் முன்வைத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதே திட்டத்தை அந்தக் குழுவைக் குறிப்பிட்டே மீண்டும் எடுத்து வைத்தது. ஒரு பரிந்துரை அரை நூற்றாண்டுக்குப் பின் புதிதுபோலத் திரும்ப வருவது இந்தியக் கல்விக்குப் புதிதன்று.

ஆனால் கேரளத்தில் பள்ளி என்னும் அமைப்பின் உருவம் குழு அறிக்கைகளால் தீர்மானிக்கப்படவில்லை. தெருவிலும் நீதிமன்றத்திலும் அது தீர்மானிக்கப்பட்டது. 1957 ஏப்ரலில் பதவியேற்ற ஈ.எம்.எஸ். அமைச்சரவையின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி அதே ஆண்டில் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அவரே கல்லூரி ஆசிரியராக இருந்தவர். உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தை அரசே நேரடியாக வழங்குவது, நியமனத்தில் மேலாளரின் தன்னிச்சையைக் கட்டுப்படுத்துவது, ஆசிரியரின் பணிப்பாதுகாப்பை உறுதிசெய்வது ஆகியவை அதன் நோக்கங்கள். மசோதா உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டு, 1958 மே மாதம் நீதிமன்றம் தன் கருத்தைத் தந்தது. திருத்தங்களுக்குப் பின் 1959 பிப்ரவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. ‘விமோசன சமரம்’ என்னும் போராட்டத்தின் முடிவில் 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. அமைச்சரவை போனது, சட்டமும் அதன்கீழ் உருவான கேரளக் கல்வி விதிகளும் நின்றன. ஆசிரியர்கள் வாய்ப்பேச்சில் ‘கே.ஈ.ஆர்.’ என்றே அவற்றைச் சொல்வார்கள்.

கே.ஈ.ஆர். ஆசிரியருக்கு அளித்த பாதுகாப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. மேலாளரின் வீட்டு வாசலில் சம்பளத்துக்காகக் காத்திருந்த தலைமுறை அதன் அருமையை நன்கு அறியும். ஆயினும் பள்ளியைப் பற்றிய ஆசிரியரின் சிந்தனையை அந்த விதிநூலே முற்றாக ஆக்கிரமித்தது என்பதும் உண்மை. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவதற்குத் தேறவேண்டிய துறைத்தேர்வுகள் எவை என்று பார்த்தாலே போதும். கணக்குத் தேர்வு ஒன்று, கல்விச் சட்டமும் விதிகளும் பற்றிய தேர்வு இன்னொன்று. ஒரு பள்ளியை வழிநடத்தப் போகிறவர் பணப்பட்டியலையும் விதி எண்ணையும் அறிந்திருக்க வேண்டும் என்று அரசு கருதியது. சக ஆசிரியர்களை ஒரு நோக்கத்தில் இணைப்பதற்குத் தேர்வும் இல்லை, அதற்கான முன்பயிற்சியும் இல்லை.

அதைவிட ஆழமான விளைவு ஒன்று உண்டு. பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளில் பிள்ளைகளின் தலை எண்ணப்படுகிறது. அந்த எண்ணிக்கையே அவ்வாண்டு பள்ளிக்கு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்பதை முடிவு செய்கிறது. எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் யாரோ ஒருவர் பணியிடம் இழந்து ‘புரொட்டெக்டட் டீச்சர்’ ஆவார். பிறப்பு விகிதம் குறைந்த கேரளத்தில் இந்தக் கணக்கு ஆண்டுதோறும் இறுகியது. ஏப்ரல், மே மாத வெயிலில் ஆசிரியர்கள் வீடுவீடாகச் சென்று பிள்ளை சேர்ப்பது வழக்கமாயிற்று. அடுத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஜூன் மாதத்தில் போட்டியாளர். ஜூலை மாதத்தில் அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பாடம் திட்டமிட வேண்டும். கூட்டுப்பணியைப் பற்றிய எந்தப் பாடநூலும் இந்தச் சிக்கலைப் பேசுவதில்லை. பி.எட். வகுப்பில் ஆறாம் வேலைநாள் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே வெளியே வரும் இளைஞர், தம் முதல் ஜூன் மாதத்திலேயே அதன் பொருளைத் தெரிந்துகொள்கிறார்.

அதே ஆண்டுகளில் சென்னை மாநிலம் வேறொரு வழியில் சென்றது. 1958 முதல் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்குக் கட்டடமும் மேசையும் மணியும் வாரி வழங்கினர். கேரளம் பள்ளியை உரிமைச் சிக்கலாகப் பார்த்தபோது சென்னை அதை ஊர்ப்பொதுச் சொத்தாகப் பார்த்தது என்று சொல்வது சற்று மிகையாக இருக்கலாம். ஆனால் ஒன்றில் இரண்டும் ஒத்துப்போயின. இரண்டு இடத்திலும் பயிற்சிக் கல்லூரி இந்தப் பெரும் அசைவுக்கு வெளியே நின்றது.

வெளியே நின்ற கல்லூரி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது? 1970கள் முதல் இந்தியப் பயிற்சிக் கல்லூரிகளில் நுண்ணிலைக் கற்பித்தல் பரவியது. 1960களில் ஸ்டான்ஃபோர்டில் உருவான முறை அது. கற்பித்தலைச் சிறுசிறு திறன்களாகப் பிரித்து, ஐந்தாறு நிமிடப் பாடங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பழகுவது அதன் சாரம். கேள்வி கேட்கும் திறன், விளக்கும் திறன், ஊக்கமளிக்கும் திறன் எனப் பட்டியல் நீண்டது. அதற்குச் சில நன்மைகள் உண்டு; முதன்முறை வகுப்பறைக்குள் நுழையும் இளைஞரின் நடுக்கத்தை அது தணித்தது. ஆனால் பட்டியலில் சக ஆசிரியரோடு பேசும் திறன் என்று ஒன்று இருக்கவில்லை. உடன்மாணவர்களே பள்ளிப் பிள்ளைகளாக நடித்து உட்கார்ந்திருந்த அந்த அறையில், அவர்கள் நாளைய சக ஆசிரியர்கள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டுப்பணி கேரளத்துக்கு வந்தது வேறு வாசல் வழியாக. 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தில் ஆசிரியர்கள் பெருந்தொகையாக இருந்தனர். கிராமங்களில் அறிவியல் வகுப்பு, குழந்தைகள் விழா, கலைஜாதா என்று அவர்கள் பள்ளிக்கு வெளியே கூடி உழைக்கக் கற்றுக்கொண்டனர். 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்தது. 1994இல் எஸ்.சி.இ.ஆர்.டி. உருவாயிற்று. அதே காலத்தில் டி.பி.ஈ.பி. எனப்படும் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் முதலில் காசர்கோடு, மலப்புரம், வயநாடு மாவட்டங்களிலும், பிறகு திருவனந்தபுரம் உள்ளிட்ட வேறு மூன்று மாவட்டங்களிலும் வந்தது. எழுத்தறிவு இயக்கத்தில் பழகிய கைகள்தாம் புதிய பாடநூல்களையும் ஆசிரியர் கையேடுகளையும் எழுதின. பள்ளிதோறும் எஸ்.ஆர்.ஜி. என்னும் ஆசிரியர் குழு, பல பள்ளிகளுக்கும் பொதுவாகக் கிளஸ்டர் கூட்டம், பின்னர் உயர்நிலைப் பள்ளியில் சப்ஜெக்ட் கவுன்சில் என்று புதிய சொற்கள் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தன. ஹெர்பார்ட்டின் படிகளில் எழுதப்பட்ட பாடக்குறிப்பின் இடத்தில் ‘டீச்சிங் மானுவல்’ வந்தது. அதில் திட்டமிடல் ஒரு பக்கம். வகுப்பில் உண்மையில் நடந்தது என்ன என்னும் குறிப்பு மறுபக்கம். அந்தக் குறிப்பைக் கொண்டு சக ஆசிரியரோடு பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இது உண்மையிலேயே பெரிய மாற்றம். உலக வங்கிப் பணத்தில் வந்த திட்டம் என்று ஒரு சாரார் எதிர்த்தனர்; பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாமல் போகிறது என்று இன்னொரு சாரார் எதிர்த்தனர். இரண்டாவது குறைக்குப் பெற்றோரிடம் செல்வாக்கு மிகுதி. இவற்றுக்கு அப்பால் ஆசிரியர்களிடம் எழுந்த முணுமுணுப்பு ஒன்று இருந்தது. கிளஸ்டர் கூட்டம் சனிக்கிழமைகளில் நடந்தது. எதைப் பேச வேண்டும் என்பது மேலிருந்து அச்சிட்ட கையேடாக வந்தது. பல ஆண்டுகள் தனித்தே பாடம் நடத்திப் பழகியவர்கள், திடீரென வட்டமாக அமர்ந்து, சார்ட் தாளில் குழு அறிக்கை எழுதி, எழுந்து நின்று வாசிக்க வேண்டியிருந்தது. இதைச் செய்து பார்த்த அனுபவம் அவர்களுடைய பி.எட். காலத்தில் இருந்ததில்லை. உத்தரவாக வந்த கூட்டுப்பணியில் கூட்டம் இருந்தது. பணி எவ்வளவு இருந்தது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. சில பள்ளிகளில் எஸ்.ஆர்.ஜி. நடவடிக்கைக் குறிப்பேடு ஒரு கல்வி ஆவணமாகவே மலர்ந்தது. சிலவற்றில் மாத இறுதியில் ஒருவர் எழுத மற்றவர்கள் கையொப்பமிட்டனர்.

2005இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு முறை வந்தபோது சிக்கல் உயர்நிலைப் பள்ளிக்குள் நேராக இறங்கியது. தொடர் மதிப்பீடு என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே செய்தால் பிள்ளை ஒரே வாரத்தில் ஆறு பாடங்களுக்கு ஆறு செய்முறைப் பணி சுமக்க வேண்டும். எது எப்போது என்று ஆசிரியர்கள் தமக்குள் பேசித் தீர்த்தால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். அதாவது பள்ளி ஓர் அமைப்பாகச் சிந்திக்க வேண்டிய தேவை முதன்முறையாகப் பாடத்தின் உள்ளேயே எழுந்தது. அதற்கான மொழி பெரும்பாலான ஆசிரியர்களிடம் இல்லை. சமன்செய்ய ஒரே வழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் தாராளமாக மதிப்பெண் போடப்பட்டது என்னும் குற்றச்சாட்டு எழுந்து, இன்றுவரை ஓயவில்லை.

2007இல் கேரளப் பாடத்திட்டச் சட்டகம் வெளிவந்தது. மறு ஆண்டு, ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் மதம் பற்றிய ஒரு பாடம் மாநிலம் முழுவதும் கொந்தளிப்பை உண்டாக்கியது. 2008 ஜூலையில் மலப்புரம் மாவட்டத்தில் ஆசிரியர்களின் கிளஸ்டர் கூட்டம் ஒன்றை நோக்கி நடந்த போராட்டத்தின்போது தாக்குதலுக்கு உள்ளான தலைமையாசிரியர் ஒருவர் உயிரிழந்தார். அவர் அந்தப் பாடத்தை எழுதியவரல்லர். ஆசிரியர்கள் கூடிப் பாடம் பேசும் ஓர் அறை, அரசியலின் வாசலில் இருக்கிறது என்பதைக் கேரளம் அன்று அறிந்தது. பாடக்குறிப்பும் கரும்பலகை எழுத்தும் பழகிய ஓர் ஆசிரியர் அந்த அறைக்குள் எவ்வளவு ஆயத்தமின்றிச் செல்கிறார் என்பதை ஆசிரியர் கல்வித் துறை அன்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டின் விவாதங்கள் பாடநூலைப் பற்றியும் கட்சிகளைப் பற்றியும் நடந்து முடிந்தன.

ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் உருவான கதை இதற்கு இணையாக ஓடியது. 1990-91இல் சில பள்ளிகளில் பிளஸ் டூ தொடங்கி, புத்தாயிரத்தின் தொடக்கத்தில் கல்லூரிகளிலிருந்து பிரீடிகிரி முழுவதும் விலக்கப்பட்டது. மேல்நிலைக் கல்விக்குத் தனி இயக்ககம் அமைந்தது. பத்தாம் வகுப்புவரை தலைமையாசிரியர், அதற்கு மேல் முதல்வர் எனப் பள்ளிக்கு இரண்டு தலைமைகள். இரண்டு ஆசிரியர் அறைகள். இரண்டு வருகைப் பதிவேடுகள். ஆய்வகம் யாருடையது, விளையாட்டுத் திடல் யாருடையது என்னும் சச்சரவுகள். இரு பிரிவிலும் பணிபுரிவோர் ஒரே பி.எட். வகுப்பில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து படித்தவர்களாகவே இருக்கக்கூடும். எம்.ஏ. காதர் தலைமையிலான குழு 2019இல் தந்த பரிந்துரையின்படி மூன்று இயக்ககங்கள் பொதுக்கல்வி இயக்ககம் என்ற ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. முதல்வர் பள்ளித் தலைவராகவும் தலைமையாசிரியர் துணை முதல்வராகவும் ஆக்கப்பட்டனர். ஆசிரியர் அமைப்புகள் ஆதரவாகவும் எதிராகவும் பிளவுபட்டன, வழக்கும் நடந்தது. இயக்ககங்களை ஓர் உத்தரவால் இணைக்கலாம். இரண்டு ஆசிரியர் அறைகளுக்கு இடையே உள்ள வராந்தாவைக் கடக்க வைப்பது வேறு வகை வேலை. பள்ளித் தலைமைக்குப் பயிற்சி தர சீமாட் என்னும் கல்வி மேலாண்மை நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. அதன் பார்வை பணியில் உள்ளோர்மீது. பயிற்சி மாணவர் அதன் எல்லைக்குள் வருவதில்லை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள் பி.எட். படிப்பை 2015 முதல் ஈராண்டாக்கின. பள்ளியில் கழிக்க வேண்டிய காலம் 20 வாரங்களாக உயர்ந்தது. அதில் 16 வாரம் தொடர்ச்சியான உள்ளகப் பயிற்சி. பழைய ‘பள்ளி நிர்வாகம்’ போன இடத்தில் ‘அனைவரையும் உள்ளடக்கும் பள்ளியை உருவாக்குதல்’ என்னும் தாள் வந்தது. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்கு ஏற்ற பள்ளியை ஒரே ஆசிரியர் உருவாக்கிவிட முடியாது என்பதால், அந்தத் தாளின் உள்ளே கூட்டுப்பணி தவிர்க்க முடியாத கருத்தாக அமர்ந்திருக்கிறது. பாட வகுப்பு எடுத்துவிட்டு மதியம் கல்லூரிக்குத் திரும்பிய பழைய விருந்தாளி, இப்போது நான்கு மாதம் பள்ளியிலேயே இருக்கிறார். காலை வழிபாட்டுக் கூட்டம், மதிய உணவு வரிசை, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம், கலைவிழாத் தயாரிப்பு, ஆசிரியர் விடுப்பில் போனால் நிரப்ப வேண்டிய வகுப்பு எனப் பள்ளியின் உள்நரம்புகள் அவருக்குத் தெரியத் தொடங்குகின்றன.

ஆயினும் அவர் எங்கே உட்காருகிறார் என்று பார்க்க வேண்டும். பல பள்ளிகளில் பயிற்சி மாணவர்களுக்கென நூலகத்தின் ஓரத்திலோ ஆய்வகத்திலோ தனி மேசை ஒதுக்கப்படுகிறது. ஆசிரியர் அறையில் இடம் இல்லை என்பது உண்மையான காரணமாகவே இருக்கலாம். சப்ஜெக்ட் கவுன்சில் கூடும் நாளில் அவர் பெரும்பாலும் வகுப்புகளைக் கவனித்துக்கொள்ள அனுப்பப்படுகிறார். ஆசிரியர்கள் நிம்மதியாகக் கூடிப் பேச அதுவே வசதி. கூட்டம் நடக்கும் வேளையில் கூட்டத்தைக் கற்க வந்தவர் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். ஆண்டு இறுதியில் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வரும்போது, அவர்முன் வைக்கப்படுவது அந்த மாணவர் தனியே எழுதிய பாடக்குறிப்புகள். பார்க்கப்படுவது அவர் தனியே நடத்தும் ஒரு வகுப்பு.

இந்த நிலையிலும் சில கல்லூரிகளில், உத்தரவு ஏதும் இல்லாமலே, சிறு மாற்றங்கள் நடக்கின்றன. ஒரே பள்ளிக்குச் செல்லும் நான்கைந்து பயிற்சி மாணவர்கள் ஓர் அலகைச் சேர்ந்து திட்டமிட்டு, மாறிமாறி நடத்தி, பள்ளி ஆசிரியரையும் பின்வரிசையில் அமர வைத்து மாலையில் பேசுகிறார்கள். கிரிட்டிசிசம் வகுப்பு என்ற பழைய பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள். பேச்சு பாடத்தைப் பற்றி நடக்கிறது. குரல் தாழ்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை.